வேப்பம்பட்டு வெள்ளிக்காசும் என் வாய்க்கொழுப்பும்

காசுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு ரோமானிய வெள்ளிக்காசைக் கொண்டுவந்து நீட்டினால், அதில் என்ன தெரிகிறது என்று முதலில் அவர்களையே சொல்ல விடுங்கள். அருங்காட்சியகத்தில் பச்சைத் துணி விரித்த அந்த மேசைக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். அகஸ்டஸ் மன்னன் காசு ஒன்று உங்களுக்குத் தெரியும். அவனுடைய பேரப்பிள்ளைகள் இருவர் நிற்பார்கள், நடுவில் தரையில் இரண்டு வட்டக் கேடயங்கள். அதைப் பார்த்த ஒருவர், "கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளுங்களா மேடம்?" என்று கேட்டார். திரும்ப ஒருமுறை பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம் இரண்டு பேருக்கும். இளவரசர்கள் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

இந்த வேலையில் அரைவாசி சிரிப்புதான். மீதி அரைவாசியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் எல்லோரும் "வேப்பம்பட்டுப் புதையலை மீட்டவர்" என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அடக்கமாவது ஒன்றாவது. அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு காலை வேளையில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. யாரோ ஒரு பெண்மணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்த படம். கழுத்து தெளிவாக விழுந்திருந்தது. கழுத்தில் தொங்கிய டாலர்தான் மங்கல். அந்த டாலர் பழைய காசு மாதிரி இருக்கிறது, வேப்பம்பட்டில் ஒரு வீட்டுக் குழியில் கிடைத்ததாம், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் பார்த்த வேகத்தில் "போலி" என்று பதில் அனுப்பினேன். ரோமானியக் காசு கோயம்புத்தூர் பக்கம் கிடைத்தால் யாரும் கண்ணைக்கூட இமைக்க மாட்டார்கள். ஆனால் நான் குடியிருப்பது அம்பத்தூர். வேப்பம்பட்டு எங்கள் ரயில் தடத்தில் ஏழெட்டு நிறுத்தம் தள்ளி. அங்கே ரோமாபுரி எங்கிருந்து வரும்? எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் ஒரு அச்சும் ஒரு பிரஸ்ஸும் கிடைத்தால் டீ ஆறுவதற்குள் இதுபோல நூறு அடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று கிண்டலாக வேறு எழுதினேன்.

மதியம் இன்னொரு படம் வந்தது. இந்த முறை காசு தெளிவாக இருந்தது. ராஜாவின் கன்னத்தில் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர் யாரோ, வெள்ளியா என்று பார்க்கவோ, வேறு எதற்கோ, உளியை வைத்து ராஜா மூஞ்சியில் ஒரு கீறு கீறியிருக்கிறார். போலி அடிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மெனக்கெடலுக்குப் போவதில்லை. காலையில் நான் எழுதியது தப்பு. "நேரில் வருகிறேன்" என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

குழி இருந்தது அற்புதம் என்பவளின் வீட்டுப் பின்பக்கம். அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் லேபிள் சோதிக்கும் வேலை. வியாசர்பாடியில் வருடக்கணக்கில் வாடகைக்கு இருந்துவிட்டு, வேப்பம்பட்டில் ஒரு மனை வாங்கி, இரண்டு அறை எழுப்பி, செப்டிக் டேங்குக்குப் பள்ளம் வெட்ட ஆள் விட்டிருக்கிறாள். கடப்பாறை பட்டு ஒரு மண் கலயம் உடைந்தது. உள்ளே கறுப்புக் கறுப்பாகச் சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு கை நிறையக் காசுகள். எண்ணியவர் யாரும் இல்லை. அற்புதம் ஒன்றை எடுத்துப் பல்பொடி போட்டுத் தேய்த்தாள். பழங்காசை அப்படித் தேய்க்கவே கூடாது. நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை இதைக் கேட்பீர்கள், பழகிக்கொள்ளுங்கள். தேய்த்ததும் கறுப்பு விலகி, நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண் தெரிந்தாள். முக்காடு, ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஒரு கிளை.

"மாதா!" என்று அலறியிருக்கிறாள் அற்புதம்.

திருப்பிப் பார்த்தால் ஒரு ஆண் தலை. தலையைச் சுற்றி இலைவளையம், பின்னால் முடிச்சு. முள்முடி. அப்படியென்றால் ஏசு. ஒரு பக்கம் மகன், மறு பக்கம் தாய். கழிவுநீர்த் தொட்டிக்கு வெட்டிய குழியில் மாதா காட்சி கொடுத்தால் எந்தக் கிறிஸ்தவக் குடும்பம் சும்மா இருக்கும்? அந்தத் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு முறை கூடிச் செபம் சொல்லும் அன்பியம் ஒன்று உண்டு. அதில் இருந்த பெண்களுக்கெல்லாம் அற்புதம் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். அவர்கள் பட்டாபிராமில் ஓர் ஆசாரியிடம் போய் வளையம் பற்றவைத்து, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசைக்கும் போய்வந்துவிட்டார்கள். ரோமாபுரியில் தெனாரியஸ் என்ற பெயரோடு புறப்பட்ட காசு வேப்பம்பட்டில் டாலர் ஆகிவிட்டது.

ஆனால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. அறுபது வயதுக்காரி, ரயில் நிலைய வாசலில் பூக்கட்டி விற்பவள், குரல் எடுத்தால் எதிர்ப் பிளாட்ஃபாரம்வரை கேட்கும். அவள் கட்சி மாரியாத்தா கட்சி.

நான் போய் இறங்கியபோது இரண்டு கட்சியும் வாசலில் இருந்தன. நடுவில் ஓர் இளம் சப் இன்ஸ்பெக்டர், கையில் போனோடு. புதையல் பற்றிய சட்டத்தை வழியில் ஜீப்பிலேயே படித்துக்கொண்டு வந்திருந்தார்.

"யம்மா, நீ படிச்சவ, நீயே சொல்லு" என்று கஸ்தூரி என் கையைப் பிடித்தாள். "கையில இன்னா வெச்சுகினு கீறா? வேப்பில. ஊரு பேரு இன்னா? வேப்பம்பட்டு. வேப்பம்பட்டுல வேப்பில வெச்சுகினு ஒருத்தி உக்காந்துகினு கீறான்னா அவ யாரு? வேளாங்கண்ணில இருந்து ரயிலேறி வந்தவளா?"

"அப்ப பின்னால இருக்கிற ஆம்பள யாரு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆத்தா புள்ள காத்தவராயன். மீச மொளைக்கிறதுக்கு முந்தி."

சிரித்துவிட்டேன். அற்புதத்துக்கும் சிரிப்பு வந்தது. அவள் என்னைப் பார்த்து, "மேடம் பேரு இன்னா?" என்றாள். "ஸ்டெல்லா" என்றேன். "நம்மாளு!" என்று பெண்கள் பக்கம் திரும்பி அறிவித்தாள். நான் கோயிலுக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது என்று என் பங்குச் சாமியாரைக் கேட்டிருந்தால் அவ்வளவு மகிழ்ச்சியாக அறிவித்திருக்க மாட்டாள்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. அற்புதத்திடம் மிச்சம் இருந்தவை பதினொன்றுதான். அவற்றை ஒரு சில்வர் டப்பாவில் வைத்து மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். கழுத்தில் இருப்பவற்றைக் கழற்ற மற்ற பெண்கள் தயாராக இல்லை. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழம்பொருளை அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும், மறைத்தால் குற்றம் என்று சப் இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். "மாதாவை நாங்க எங்க சார் மறைச்சோம்?" என்றார்கள். "அப்ப இந்தம்மா மேலதான் கேஸ் போடணும். இவங்க நெலம், இவங்கதான் எடுத்துக் குடுத்திருக்காங்க. ஸ்டேஷனுக்கு வாங்க" என்று அவர் அற்புதத்தைக் காட்டினார். அவள் முகம் வெளுத்தது. போலீஸ் ஜீப்பைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் என் மேலதிகாரி மூன்று தடவை போன் செய்துவிட்டார். "பேப்பர்காரங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. என்ன சொல்வீங்களோ தெரியாது, சாயந்திரத்துக்குள்ள எல்லாக் காசும் கைக்கு வரணும்."

வெயில், கூச்சல், கண்முன்னாலேயே பல்பொடிபட்டுப் பளபளக்கும் காசுகள். அதோடு ஒரு அகம்பாவம். இந்தக் கூட்டத்திலேயே அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. பயமுறுத்தினால் கழற்றிவிடுவார்கள், அற்புதத்தையும் கேஸிலிருந்து காப்பாற்றிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். குரலை உயர்த்திச் சொன்னேன்.

"இது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? இது ஏசு இல்ல. ஏசுவைச் சிலுவையில அறைஞ்சாங்களே, அப்ப ரோம்ல ராஜாவா இருந்தானே, அவன். டைபீரியஸ். தலையில இருக்கிறது முள்முடி இல்ல, ராஜாங்க போட்டுக்கிற இலை கிரீடம். பின்னால இருக்கிறது மாதாவும் இல்ல. அவனைப் பெத்தவ. ஒரு கொலைகாரனைப் பெத்தவளுக்கா மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கீங்க?"

நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. ஒருத்தி சங்கிலியை அப்படியே தலைவழியாகக் கழற்றி, தேள் மாதிரி இரண்டு விரலால் பிடித்து, ஓடிப்போய்க் குழிக்குள் வீசினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் நாலைந்து பேர். குழியில் இடுப்பளவு ஊற்றுத்தண்ணீர் நின்றிருந்தது. ஒவ்வொன்றாகப் போய் விழும் சத்தம் கேட்டது. சிலர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போனார்கள். அவர்கள் அதை எங்கே எறிவார்கள் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

"மேடம், இதான் உங்க மெத்தடா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

நான் அற்புதத்தைத் தேடினேன். அவள் எதையும் எறியவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அன்று அவளைக் கூப்பிட்டுப் பயனில்லை என்று சப் இன்ஸ்பெக்டருக்கும் தெரிந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு வருகிறேன், அதற்குள் காசெல்லாம் வருகிறதா இல்லையா என்று ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப்பை நோக்கி நடந்தபோது கஸ்தூரி பின்னாலேயே வந்தாள்.

"படிச்சவளாச்சே நீ. கூட்டத்துல இன்னா பேசுறோம்னு ரோசன வேணாவா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அவ புள்ள ஜான்சன், புழல் ஜெயில்ல கீறான். கம்பெனி வேனு ஓட்டிகினு இருந்தான். குடிச்சிட்டு ஓட்டி, டூட்டி முடிச்சி சைக்கிள்ல ஊட்டுக்குப் போய்கினு இருந்த ஒரு வாச்மேன அடிச்சிட்டான். ஆளு ஸ்பாட்லயே காலி. தெருவுல ஒருத்தரும் அவ எதிர்ல அந்தப் பேச்சு எடுக்க மாட்டோம். நீ வந்த, மைக் வெக்காத கொறையா 'கொலகாரனப் பெத்தவ'ன்னு கூவிட்டுப் போற."

போலீஸ் என்றதும் அவள் ஏன் வெளுத்தாள் என்று இப்போதுதான் விளங்கியது. வீட்டுக்குப் போனதும் காசு விளக்கப் புத்தகத்தை எடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஏதாவது வழி கிடைக்குமா என்று தேடினேன் என்று சொன்னால் பொய். நான் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ளத்தான் எடுத்தேன். அங்கே என்ன எழுதியிருந்தது தெரியுமா? அமர்ந்திருக்கும் பெண், பெரும்பாலும் மன்னனின் தாய் லிவியா, அமைதித் தேவதையின் வடிவில். பெரும்பாலும். எத்தனை நூறு தடவை படித்த வரி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு சொல் என் வாயில் தேய்ந்தே போயிருந்தது. போதாக்குறைக்கு ராஜா பற்றிச் சொன்னதும் அரைகுறை. சிலுவைச் சம்பவம் நடந்த காலத்தில் அவன் எங்கேயோ ஒரு தீவில் உட்கார்ந்திருந்தான். எருசலேமில் யாரை அறைந்தார்கள் என்பது அவன் காதுக்கு எட்டியதா என்பதே யாருக்கும் தெரியாது. கூட்டத்தை மிரட்ட வேண்டியிருந்தது. அதனால் ஒருவனைக் கொலைகாரன் ஆக்கி, ஒருத்தியை அவனுக்குத் தாயாகவும் ஆக்கிவிட்டேன்.

மறுநாள் ஜீப் கேட்கவில்லை. அம்பத்தூரில் ரயில் ஏறினேன். ஆவடியில் கூட்டம் இறங்கியது, ஜன்னலோர இடம் கிடைத்தது. என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வரி மறந்துபோனது. கைப்பையில் அந்த டப்பாவிலிருந்து ஒரு காசும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தன. பதிவுக்கு வந்த காசை வெளியே எடுத்துப்போகக் கூடாது. விதி எனக்குத் தெரியும். நீங்கள் செய்யாதீர்கள்.

கஸ்தூரி பூக்கடையில் இல்லை, வீட்டில் இருந்தாள். முன்னறையில் மாரியம்மன் படம். அதன் முன்னால் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள்தூள், நிறைய வேப்பிலை, அதன்மேல் வளையம் வைத்த வெள்ளிக்காசுகள் ஈரம் காய்ந்து கிடந்தன.

"குழியில எறங்கி எடுத்தீங்களா?" என்றேன்.

"பின்ன? நேத்தே பள்ளத்துல எறங்கித் தொழாவிட்டோம், நானும் பள்ளம் வெட்டுனவனும். ஊட்டுக்கு எட்த்துகினு போனவளுங்ககிட்டயும் வாங்கிகினு வந்துட்டேன். உங்க சாமிய சாவடிச்சவன்னா நீங்க பயப்படணும். எனக்கின்னா? எனக்கு இவ ஆத்தாதான்."

தாம்பாளத்தை நோக்கிக் கை நீட்டினேன். அவள் தாம்பாளத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"மொதல்ல அந்த ஊட்டுக்குப் போ. அவ நேத்துலேருந்து ஒரு வாய் துன்னல. வேலைக்கும் போவல. அவகிட்ட பேசிட்டு அப்பால வா. அவ குடுன்னா குடுக்கிறேன். நீ கேட்டீன்னா கெடையாது, அந்த எஸ்.ஐ. கேட்டாலும் கெடையாது."

அற்புதம் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண் வீங்கியிருந்தது. உட்காருங்கள் என்று சொல்லவில்லை, நானாகத் தரையில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்த ஒரு வரிகூட வரவில்லை.

"நான் நேத்து சொன்னது தப்பு. எனக்கு உங்க மகன் விஷயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா வேற மாரி பயம் காட்டியிருப்பீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காசையும் கண்ணாடியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னொன்னும் தப்பாச் சொன்னேன். அது என் வேலையில செஞ்ச தப்பு. நீங்களே பாருங்க. அந்தப் பொம்பளையைச் சுத்தி எழுத்து இருக்கு."

சமாதானத்துக்குச் சொல்கிறேனோ என்று சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்தாள். நாள் முழுக்கச் சட்டை லேபிளில் எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற கண். என்னைவிட வேகமாக எழுத்துக்கூட்டினாள். "பி, ஓ, என், டி, ஐ, எஃப். அப்பறம் எம், ஏ, எக்ஸ், ஐ, எம்."

"பெரிய பூசாரின்னு அர்த்தம். அது அந்த ராஜாவோட பட்டம்."

"அப்ப இவ பேரு எங்க கீது?"

"இல்ல."

"எங்கயுமே இல்லயா?"

"எங்கயும் இல்ல. ராஜாவோட அம்மாவா இருக்கலாம்னு படிச்சவங்க நினைக்கிறாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது. நான் உறுதியாச் சொன்னேன்."

அவள் கண்ணாடியை அந்தப் பெண்ணின் கைக்கு நேரே நகர்த்தினாள்.

"பெத்தவளாவே இருக்கட்டும் மேடம்" என்றாள். "அவன் செஞ்சதுக்கு இவ இன்னா பண்ணுவா? இவ கையில கத்தியா கீது? எலதானே கீது."

அந்தக் கிளையைப் பற்றி நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒலிவக் கிளை, போர் முடிந்ததற்கு அடையாளம், எந்தெந்த அச்சில் எத்தனை இலை என்றெல்லாம். இப்படி ஒரு வரி அதில் எங்கும் கிடையாது.

பிறகு அவளாகவே சொன்னாள். மகனைப் பார்க்கப் புழலுக்குப் போகும் மாதமெல்லாம், வேனில் அடிபட்டு இறந்த அந்தக் காவலாளி வீட்டுக்கும் ஒருமுறை போவாளாம். காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. அவர் மனைவி கதவைத் திறப்பதில்லை. "தொறக்கலன்னா தப்பில்ல. கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வந்துடுவேன். இந்தக் காசு கெடச்சப்ப, மாதாவே வந்துட்டா, இனிமே அவங்க தொறப்பாங்கன்னு நெனச்சேன். அதான் எல்லாருக்கும் குடுத்தேன். எல்லாரும் சேர்ந்து வேண்டிகினா நடக்கும்னு."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொல்லியிருப்பாள். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். அற்புதம் முகம் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே மாதிரி சொன்னாள். "இவங்க நேத்து சொன்னது தப்பாம். அவங்களே சொல்லுவாங்க, கேளு." நானும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஆமாம், தப்பாச் சொல்லிட்டேன், அந்தப் பெண் யாருன்னு எங்களுக்கே தெரியாது" என்று சொன்னேன். ஏழெட்டு வீடு. முப்பது வருட அனுபவமுள்ள நிபுணர் வீடு வீடாகப் போய்த் தன் அறியாமையை விநியோகம் செய்தது எங்கள் துறை வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மூன்றாவது வீட்டுக்கு மேல் அவ்வளவு கஷ்டமாக இல்லை. அரிசிப் பானையிலிருந்து ஒரு காசு வந்தது. பூஜை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒன்று. கஸ்தூரிக்குக்கூடத் தெரியாமல் ஒளிந்திருந்தவை. கடைசியில் கஸ்தூரி தாம்பாளத்தையே தூக்கிக்கொண்டு வந்து, அற்புதம் தலையாட்டிய பிறகு, என் கையில் கொடுத்தாள். வேப்பிலையோடுதான்.

சப் இன்ஸ்பெக்டர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். மறைத்து வைத்ததற்குக் கேஸ் உண்டா இல்லையா என்று கேட்டார்.

"சார், எங்க சார் மறைச்சாங்க? கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருக்காங்க. ஊரே பார்த்திருக்கு. போதாததுக்கு ஸ்டேட்டஸ்ல வேற போட்டிருக்காங்க. அதைப் பார்த்துத்தானே நாமளே வந்தோம்?"

அவர் யோசித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார். "ஸ்டேட்டஸ் போட்டு மறைக்கிற குற்றவாளியை நானும் பார்த்ததில்ல மேடம்" என்றார். "சரி, அவங்களா ஒப்படைச்சாங்கன்னே எழுதுங்க." நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அது பொய்யும் இல்லை. கொடுத்தது அவர்கள்தான்.

அறிக்கையில் இன்னொரு இடத்தில் பேனா நின்றது. பற்றவைத்த வளையங்களுக்கு "சேதம்" என்று ஒரு கட்டம் உண்டு. இதே மாதிரி வளையம் வைத்த ரோமானியக் காசுகள் நம் சேகரிப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் கழுத்தில் போட்டுக்கொண்டவை. அவற்றுக்கு நாம் பயபக்தியோடு "அணிகலனாகப் பயன்பட்டது" என்று எழுதி, கருத்தரங்கில் படம் காட்டிக் கைதட்டு வாங்குகிறோம். பட்டாபிராம் ஆசாரி செய்தால் சேதமா? நானும் "அணிகலனாகப் பயன்பட்டது" என்றே எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துத் திருத்தினார். நான் மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை அவர் விட்டுவிட்டார்.

எல்லாக் காசும் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெரியாது. கலயத்தில் எத்தனை இருந்தன என்று யாரும் எண்ணவில்லை என்றுதான் சொன்னேனே. வந்தவை வந்தன.

பிற்பாடு அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது விளக்க அட்டைக்கு ஒரு சண்டை நடந்தது. "ஏசு காலத்து ராஜாவின் தாய்" என்று போட்டால் கூட்டம் அள்ளும் என்றார் மேலதிகாரி. சந்தேகமில்லாமல் அள்ளும். "அமர்ந்திருக்கும் பெண், கையில் கிளை. யார் என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று போட வேண்டும் என்றேன் நான். அட்டையில் "தெரியவில்லை" என்று எழுதினால் நமக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டார். அதை எழுதுவதற்குத்தான் என்று சொன்னேன். அந்தப் பதிலுக்காகவே என் கடைசி வருட ரகசிய அறிக்கையில் ஏதாவது எழுதியிருப்பார். ஓய்வூதியத்தில் அது தெரியவில்லை.

காட்சி திறந்த மாதம் ஒரு சனிக்கிழமை, அற்புதமும் கஸ்தூரியும் ரயிலேறி வந்தார்கள். நான் கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடிக்குள் காசுகள் வரிசையாக இருந்தன, வளையம் உள்ளவையும் இல்லாதவையும். சிறு விளக்கு ஒன்று அந்தப் பெண்ணின் மேல் விழும்படி வைத்திருந்தோம். கஸ்தூரி காலணியைக் கழற்ற, காவலர் ஓடிவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னா எழுதிக்கீது, படி" என்றாள் அற்புதத்திடம்.

அற்புதம் குனிந்து வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் கஸ்தூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அட இன்னாமே இது! இவ்ளோ பெரிய பில்டிங்கு, ஏசி, வாச்மேனு, எல்லாம் வெச்சுகினு யாருன்னே தெரிலன்னு எழுதி வெச்சுக்கிறீங்களே. என்னிய கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அற்புதம் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "பேரு போட்டா, அந்தப் பேருக்கு வேண்டியவங்க மட்டும்தான் வந்து நிப்பாங்க. இப்ப யாரு வேணா நிக்கலாம்."

இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் கேண்டீன் எங்கே என்று கேட்டார்கள்.